பத்தால் வகுக்க அனுமதி இல்லை

எங்கள் ஊர்ப் பள்ளியில் தசமப் புள்ளி என்பது ஒரு பதவி. அந்தப் பதவியில் நான் ஒரே ஒரு நாள் இருந்தேன். அதற்குப் பிறகு பள்ளியிலேயே இருக்கவில்லை.

அதற்கு முன்பு எங்களுக்கும் புள்ளி என்பது கரும்பலகையில் சாக்பீஸால் வைக்கும் ஒரு பொட்டுதான். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் மிர்தாலா டீச்சர். பத்தால் பெருக்கப் புள்ளியை ஒரு வீடு வலப்பக்கம் தள்ளு, பத்தால் வகுக்க ஒரு வீடு இடப்பக்கம் தள்ளு என்று சொல்லிக்கொடுத்தார். இலக்கங்கள் நிற்கும் இடத்துக்கு அவர் வைத்த பெயர் வீடு. ஒன்றுகளின் வீடு, அதற்கு இடப்பக்கம் பத்துகளின் வீடு, நூறுகளின் வீடு. புள்ளிக்கு வலப்பக்கம் பத்தில் ஒன்றின் வீடு, நூறில் ஒன்றின் வீடு. கூடவே இரண்டு எச்சரிக்கைகள். புள்ளிக்கு முன்னால் இருக்கும் வீடு காலியாக இருக்கக் கூடாது. யாரும் இல்லாவிட்டால் ஒரு சைபரைக் குடிவைக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் நிற்கும் சைபருக்கு மதிப்பே இல்லை. அதை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யோலானிக்குக்கூடப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரிந்த மாதிரி என்று டீச்சரே சொல்வார்.

கணக்கு இவ்வளவு சுலபமாகப் புரிவது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் பிடிக்கவில்லை. ஜூலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புள்ளி நகர்வதில்லை. இலக்கங்கள்தான் நகர்கின்றன. பத்தால் பெருக்கும்போது ஒவ்வோர் இலக்கமும் தன் வீட்டைக் காலிசெய்துவிட்டு இடப்பக்கத்து வீட்டுக்குக் குடிபோகிறது. புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் அது சரிதான். மிர்தாலா டீச்சரும் சரி என்றுதான் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதான் பிள்ளைங்களா. பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டு மரம் ஓடுதுன்னு சொன்னாலும், பஸ் ஓடுதுன்னு சொன்னாலும், ஊர் போய்ச் சேர்ந்துடுவோம்."

இந்த வாக்கியத்துக்காக அவரிடம் விளக்கம் கேட்டார்கள். திங்கட்கிழமைக் கொடி வணக்கத்தின்போது, தேசியகீதம் முடிந்த கையோடு, ஹெட்மாஸ்டர் தோன் எலியோதோரோ அவரை முன்னால் அழைத்தார். டீச்சர் கொடிக்கம்பத்தடியில் நின்றுகொண்டு, "இத்தனை வருஷமா புள்ளிய நகர்த்துனதுக்கு வருத்தப்படுறேன்" என்றார். சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார். அது பழுப்பு நிறச் செருப்பு, ஒரு வார் மட்டும் புதிது. நாங்களும் அந்தச் செருப்பையே பார்த்தோம், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று முதல் "புள்ளியை நகர்த்தணும்" என்று வாய்தவறிச் சொன்ன பிள்ளைகளை மூலையில் அசையாமல் நிற்கவைத்தார்கள். புள்ளியின் நற்குணம் அவர்களுக்கும் படியட்டும் என்பதற்காக.

ஆகஸ்ட்டில் பாடம் நடத்தும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. செப்டம்பர் பதினைந்து சுதந்திர நாள் ஊர்வலத்துக்கு ஒத்திகை பார்ப்பதுதான் ஆகஸ்ட். பையன்கள் தோளில் மேளம் தொங்கும். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் வெள்ளை பூட்ஸ் போட்டுக்கொண்டு கோல் சுழற்றுவார்கள். பூட்ஸ் இல்லாதவர்கள் பின்னால் தட்டி பிடிப்போம். அந்த வருஷம் தோன் எலியோதோரோவுக்கு ஒரு யோசனை உதித்தது. மேலிடத்து உத்தரவையே ஊர்வலமாக விட்டால் என்ன? பிள்ளைகளே இலக்கங்கள். மைதானமே கரும்பலகை. அதைப் பார்வையிட மாவட்ட இயக்குநர் லிசென்சியாதோ பனேகாஸை அழைப்பது.

எங்கள் ஊரில் தோன் என்றால் ஐயா, தோன்யா என்றால் அம்மா, லிசென்சியாதோ என்றால் பட்டம் வாங்கியவர். எந்தப் பட்டம் என்று கேட்பது மரியாதை இல்லை.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு வீடுகள் பிரித்தார்கள். நடுவில் புள்ளியின் இடம். அதற்கு வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, அதற்கடுத்துக் கழிப்பறை. இடப்பக்கம் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பள்ளியின் கேட். கேட்டைத் தாண்டிச் சாலையிலும் கோடு போட்டிருந்தார்கள், எண் எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா. சாலை பூங்காவைத் தாண்டி ஆற்றுப் பாலத்துக்குப் போகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு.

காட்டப்போகும் எண் 2.48. இரண்டாக சுயாப்பா. அவள் வகுப்பிலேயே முதல் மதிப்பெண், அவளுடைய அப்பா பெற்றோர் சங்கத் தலைவர். இதில் எது எதனால் வந்தது என்று தெரியாது. எண்ணின் தலைப்பக்கம் நிற்பதால் கொடியும் அவள் கையில்தான். நான்காக அவளுடைய சித்தப்பா மகள். எட்டாக யோலானி.

"உன் உடம்பு வாகு எட்டுக்கு ரொம்பப் பொருத்தம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அப்ப சாரு ஒன்பது" என்று என் காதில் சொன்னாள் யோலானி. அவருக்குப் பெரிய தலை, குச்சிக் கால்கள்.

நான் சிரிப்பை அடக்குவதற்காகத் தரையைப் பார்த்தேன். அதுதான் வினையாகிவிட்டது. அவர் என் முன்னால் வந்து நின்று, என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது பேரு என்ன?"

"டெல்மி, சார். கேட்டாண்ட பலெயாதா ரொட்டி விக்கிறாங்களே ரோசிபெல், அவங்க பொண்ணு" என்றார் டீச்சர்.

"பேசாதா?"

"கேட்டா பேசும்."

"கேட்க வேண்டாம். பேசாது, அசையாது. பிறவிப் புள்ளி!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகத்தான் சொன்னேன். புள்ளிக்கு வெள்ளை பூட்ஸ் வேண்டாம் என்பதை முதலில் சொன்னேன்.

அம்மா காப்பிக்கொட்டைச் சாக்குகள் இரண்டை வாங்கி, கறுப்புச் சாயத்தில் முக்கி, உருண்டையாகத் தைத்தாள். உள்ளே சோளச் சருகு அடைத்தாள். என் தலையும் கால்களும் மட்டும் வெளியே தெரியும். முன்பக்கம் பொத்தான் வைத்து ஒரு திறப்பு விட்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"உள்ள போக, வெளிய வரத்தான் சார்."

"தோன்யா ரோசிபெல், புள்ளிக்கு உள்ள வெளியன்னு ஒண்ணு கிடையாது. புள்ளிங்கிறது முழுசு. பொத்தான் தெரிஞ்சா லிசென்சியாதோ என்ன நினைப்பாரு? அன்னைக்குக் காலைல பொண்ண உள்ள விட்டுத் தைச்சிடுங்க."

"வெயில் நேரமாச்சே சார்."

"சுதந்திரத்துக்காக எத்தனையோ பேர் வெயில்ல நின்னிருக்காங்க."

அம்மா கேட்டருகே கடைபோட அனுமதி கொடுத்தவர் அவர்தான். பொத்தான்களைப் பிரித்தெடுத்துவிட்டாள்.

ஒத்திகையில் பெருக்கல் சுலபமாக நடந்தது. மேளம் அடித்ததும் சுயாப்பா கொடியோடு ஒரு வீடு இடப்பக்கம் போவாள். நான்கும், அடுத்த மேளத்துக்கு எட்டும், என்னைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போகும். எட்டு என்னைக் கடக்கும்போது, "வழிவிடு தடிச்சி" என்பாள். நான் சிரிப்பு வராமல் வாயை இறுக்கிக்கொள்வேன். சிக்கல் வகுத்தலில் வந்தது. வகுக்க வேண்டுமென்றால் எண் வலப்பக்கம் திரும்பி வர வேண்டும். சுயாப்பா கொடியைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்ததும் ஹெட்மாஸ்டர் அலறினார்.

"நில்லு! கொடி பின்வாங்குது!"

எங்கள் நாட்டில் கொடி பின்வாங்காது. முதுகைக் காட்டாது, தாழாது, திரும்பாது. கொடியை அப்படியே நிறுத்திவிட்டு மற்றவர்களைத் திருப்பிப் பார்த்தார்கள்; இரண்டு பத்துகளின் வீட்டில் நின்றது, நான்கும் எட்டும் புள்ளிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன, நடுவில் ஒரு வீடு காலி. கொடியை வேலியோரமாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி இடப்பக்கம் பார்த்து நிறுத்தலாமா என்று மிர்தாலா டீச்சர் கேட்டார். அது பின்வாங்கலைவிட மோசம், ஒளிந்து பின்வாங்கல் என்றார் ஹெட்மாஸ்டர். கடைசியில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்:

"இந்த வருஷம் நம்ம பள்ளியில பத்தால வகுக்கறதுக்கு அனுமதி இல்லை. வகுக்கணும்னு ஆசை இருக்கறவங்க அவங்கவங்க வீட்டுல வகுத்துக்கலாம்."

"சார், பெருக்கிட்டா எண்ணை மறுபடி எப்படித் திரும்பக் கொண்டுவர்றது?" என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர் திரும்பக் கொண்டுவரணும்? வளர்ந்தத யாராவது திருப்பிக் கொண்டுவருவாங்களா?"

டீச்சர் செருப்பைப் பார்த்தார்.

செப்டம்பர் பதினைந்து காலையில், மைதானத்து மாமரத்தடியில் வைத்து, அம்மா கோணி ஊசியால் என்னை உள்ளே விட்டுத் தைத்தாள். ஊசி என் மேல் படாமல் இருக்க ஒரு கையைச் சாக்குக்குள் கொடுத்துக்கொண்டு தைத்தாள். முடிந்ததும் தன் வாளியிலிருந்து புளி சர்பத்தை ஒரு பெரிய டம்ளரில் மொண்டு என் வாயில் வைத்தாள்.

"முழுசும் குடி. வெயில்ல மயங்கி விழுந்துடாத."

"போதும்மா."

"குடி கண்ணு. உள்ள சருகு வேற. வெந்துடுவ."

இன்னொரு டம்ளரும் குடித்தேன். அவள் பயந்தது வெயிலுக்கு. அவள் மேல் தப்பில்லை.

லிசென்சியாதோ காலையிலேயே வருவதாக இருந்தது. சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் அவருடைய வண்டி வந்தது. அதுவரை நாங்கள் அவரவர் வீட்டில் நின்றோம். இலக்கங்கள் நடுநடுவே உட்கார்ந்தன, தண்ணீர் குடிக்கப் போயின, சண்டை போட்டன. நான் உட்கார முடியாது. உருண்டையாக இருந்தால் உட்காரும் பக்கம் என்று ஒன்று கிடையாது. எனக்கு நேர் வலப்பக்கத்தில் கழிப்பறையின் நீலக் கதவு தெரிந்தது. மூன்றே வீடு தள்ளி. முதலில் நான் அதைச் சும்மாதான் பார்த்தேன்.

லிசென்சியாதோ மேடையேறி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"அன்பான மக்களே! நான் பள்ளியில படிச்ச காலத்துல கணக்குல ஒரு வருஷம்கூடத் தேறல. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, நீ எதுக்கும் லாயக்கில்லன்னு சொன்னாரு. இன்னைக்குப் பாருங்க, கணக்கே எனக்கு முன்னால வரிசைல நிக்குது! அந்த வாத்தியார் எங்க? ஓய்வூதியத்துக்காக என் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரு."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

"நடுவுல கறுப்பா நிக்கிறது என்ன?"

"புள்ளி, லிசென்சியாதோ. நகராது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அருமை! இந்த நாட்டுக்கு வேண்டியதே அதுதான். நிறைய நகராத ஆட்கள். சரி, ஆரம்பிங்க!"

மேளம் முழங்கியது. பத்தால் பெருக்கியதும் இருபத்து நான்கு புள்ளி எட்டு. கூட்டம் ஆர்ப்பரித்தது. "இன்னொரு பத்து!" என்றார் லிசென்சியாதோ. யோலானி என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். இருநூற்று நாற்பத்தெட்டு. ஒத்திகை பார்த்தது அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் குனிந்து வணங்கினார். லிசென்சியாதோ அவரைப் பார்க்கவே இல்லை.

"இன்னொரு பத்து!"

ஒன்றுகளின் வீடு காலியானது. ஹெட்மாஸ்டர் முதல் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குழந்தையை இழுத்து, கழுத்தில் சைபர் அட்டையை மாட்டி அங்கே நிறுத்தினார். "இன்னொரு பத்து!" இன்னொரு குழந்தை. கொடி கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போயிற்று. லிசென்சியாதோ மேடையிலிருந்து இறங்கி, கொடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எங்கே நின்றாலும் தலைப்பக்கம் நிற்பது அவருடைய பழக்கம். கூட்டம் அவர் பின்னால் போயிற்று. "இன்னொரு பத்து!" குழந்தைகள் போதவில்லை, மற்றவர்களெல்லாம் மேளத்தோடு போய்விட்டார்கள். ஐஸ் வண்டிக்காரரைப் பிடித்து நிறுத்தினார்கள். "என் ஐஸு உருகுதே" என்றார் அவர். "சைபர் பேசக் கூடாது" என்றார் ஹெட்மாஸ்டர். அடுத்த பத்துக்குப் பள்ளிக் காவல்காரரே சைபரானார். அவர் மட்டும் மகிழ்ச்சியோடு விறைப்பாக நின்றார். இவ்வளவு தெளிவான உத்தரவு அவருக்குக் கிடைத்து நாளாகிவிட்டது. கடைசிப் பத்துக்கு மைதானத்தில் ஆளே இல்லை. மாமரத்தடியில் வாளியோடு நின்ற என் அம்மாவின் கழுத்தில் அட்டையை மாட்டினார்கள். அவள் வாளியையும் எடுத்துக்கொண்டு ஒன்றுகளின் வீட்டுக்கு, என் பக்கத்துக்கு வந்தாள்.

இப்போது எண் இரண்டு கோடியே நாற்பத்தெட்டு லட்சம். கொடி பாலத்தின் முனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே யாரோ ஒருவர், "இது எதோட எண்ணிக்கை?" என்று லிசென்சியாதோவைக் கேட்டாராம். "வளர்ச்சியோடது" என்று பதில் வந்தது. அது ஒலிபெருக்கி வழியாக எங்கள் மைதானம் வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அவர் அந்த இரண்டு கோடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"அம்மா" என்றேன்.

"என்ன கண்ணு?"

சொல்ல வெட்கமாக இருந்தது. காவல்காரர் அடுத்த வீட்டில் நின்றார்.

"அவசரமா?"

தலையாட்டினேன்.

"கொஞ்சம் அடக்கிக்க முடியாதா?"

"காலைலேர்ந்து அடக்கிக்கிட்டிருக்கேன்."

அம்மா ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டாள். அவர் கேட்டருகே நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அம்மா மெதுவாகத்தான் சொன்னாள். அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"கழிப்பறைக்கா? இப்பவா? தோன்யா ரோசிபெல், யோசிச்சுப் பேசுங்க. அங்க அவரு ரெண்டு கோடியப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு. இங்க புள்ளி நகர்ந்தா அந்த ரெண்டு கோடி என்ன ஆகும்?"

"ஒரு நிமிஷம் சார். போயிட்டு வந்துடுவா."

"ஒரு நிமிஷம் ரெண்டு கோடி எங்க போய் நிக்கும்? எண்ணை முதல்ல திருப்பிக் கொண்டுவரணும். அதுக்கு வகுக்கணும். வகுக்க அனுமதி இல்லை. டீச்சர், நீங்களே சொல்லுங்க."

மிர்தாலா டீச்சர் அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு அந்தச் செருப்பு.

நான் நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பாலத்தில் பெரிய கைதட்டல் எழுந்தது. எதற்கென்று தெரியாது. அந்தக் கைதட்டல் முடியும்போது என்னால் முடியாமல் போயிற்று.

முதலில் சருகுதான் நனைந்தது. பிறகு கால். பிறகு அது சுண்ணாம்புக் கோட்டை அழித்துக்கொண்டு, மைதானத்தின் சரிவில், ஒன்றுகளின் வீட்டுக்குள் போயிற்று. நான் அசையவில்லை. அதை எல்லோரும் பின்னால் பாராட்டினார்கள்.

அம்மா தன் காலடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வாளியைத் தூக்கினாள். அதில் பாதிக்கு மேல் புளி சர்பத் இருந்தது, அன்றைய வியாபாரமே அதுதான். அப்படியே என் மேல் கவிழ்த்தாள். கழுத்திலிருந்து கால்வரை.

"ஐயையோ! கை வழுக்கிருச்சே!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். "என் புத்தியச் செருப்பால அடிக்க! புள்ள மேல கொட்டிட்டேனே!"

என் அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார்.

"ஒரு சைபரா ஒழுங்கா நிக்கத் தெரியாதா உங்களுக்கு? புள்ளியோட கறுப்பு போச்சு! கோடு போச்சு! நாளைலேர்ந்து கேட்டுப் பக்கம் உங்க கடையப் பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

"சரி சார். என் தப்புதான் சார்" என்றாள் அம்மா. அட்டையைக் கழற்றாமலே என் கையைத் தேடினாள். சாக்குக்குள் இருந்ததால் கை கிடைக்கவில்லை. சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். "வா, வீட்டுக்குப் போலாம்."

"புள்ளி நகரக் கூடாது!"

"நகர்ந்தா என்ன சார் ஆகும்?"

"வீடு அந்தப் பக்கம், இடப்பக்கம்! எண்ணு சின்னதாயிடும்!"

"ஆகட்டும் சார்."

அப்படித்தான் நாங்கள் நடந்தோம். சாக்கைப் பிரிக்க அங்கே கத்தி இல்லை. சருகு தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் காலிடுக்கில் சளக் சளக் என்று சத்தம் வந்தது. மிர்தாலா டீச்சர் எங்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தார். ஹெட்மாஸ்டர் அவருக்கும் பின்னால், புள்ளியைத் தொட்டு நிறுத்தலாமா கூடாதா என்று எந்த உத்தரவிலும் இல்லாததால், கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

ஒன்றுகளின் வீட்டைத் தாண்டியதும் எண் இருபத்து நான்கு லட்சத்து எண்பதாயிரம் ஆகிவிட்டது. காவல்காரரைத் தாண்டியபோது இரண்டு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். அவர் குழம்பிப்போனார்.

"டீச்சர், நான் இப்ப யாரு?"

டீச்சர் திரும்பி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "புள்ளிக்குப் பின்னால கடைசியா நிக்கிற சைபர். நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"நானும்தானே?" என்றார் ஐஸ் வண்டிக்காரர், நாங்கள் அவரைக் கடந்ததும். அவர் பதிலுக்குக் காத்திராமல் ஓடினார். முதல் வகுப்புக் குழந்தைகள் இரண்டையும் அவர்களுடைய அம்மாக்கள் வந்து தூக்கிக்கொண்டார்கள். பத்தால் வகுத்தல் இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். புளி வாசனை அடித்தது. நான் தலையை நிமிர்த்தவில்லை. என் பார்வையில் செருப்புகளும் பூட்ஸுகளும் மட்டும் ஒவ்வொன்றாக விலகி வழிவிட்டன.

இருநூற்று நாற்பத்தெட்டில் யோலானி நின்றாள். நான் அவளைத் தாண்ட வேண்டும். வழிவிடு தடிச்சி என்பாள் என்று காத்திருந்தேன். யாரையும் எதையும் சொல்லாமல் விடாதவள், என் காலைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பூங்காப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புளி சர்பத் போதவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான்கையும் தாண்டி, பாலத்து முனையில் கொடியையும் தாண்டினோம். சுயாப்பா வெள்ளை பூட்ஸுக்குள் கொப்புளம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் லிசென்சியாதோ ஆற்றைப் பார்த்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பாலம் குறுகல். அவரைத் தாண்டிப் போக இடமில்லை. அவருக்கும் கொடிக்கும் நடுவில் நானும் அம்மாவும் நின்றோம்.

அவர் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஆக, நம்ம எண் இப்ப எவ்வளவு? சத்தமாச் சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்!"

ஒலிபெருக்கியை மிர்தாலா டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் எங்களை வரிசையாகப் பார்த்தார். லிசென்சியாதோ, நான், இரண்டு, நான்கு, எட்டு.

"சைபர் புள்ளி இரண்டு நான்கு எட்டு" என்றார்.

லிசென்சியாதோ யோசித்தார்.

"முன்னால ஒரு சைபர் சொன்னீங்களே, அது எதுக்கு?"

"புள்ளிக்கு முன்னால இருக்கிற வீடு காலியா இருக்கக் கூடாது லிசென்சியாதோ. யாரும் இல்லன்னா அங்க ஒரு சைபர் நிக்கணும்."

"நிக்குதா?"

"நிக்குது."

"நல்லது! எந்த இடமும் காலியா இருக்கக் கூடாது. அதுதான் என் கொள்கையும்." அவரே முதலில் கைதட்டினார். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். ஹெட்மாஸ்டர்தான் எல்லோரையும்விட வேகமாகத் தட்டினார். லிசென்சியாதோ என்னைப் பார்த்தார். "மைதானத்துல பார்த்த அதே புள்ளி! அப்பவும் என் எதிர்ல, இப்பவும் என் எதிர்ல. அணுவளவும் நகரல பாருங்க!"

நகராமைக்கு ஒரு பதக்கம் கொண்டுவந்திருந்தார்கள். அதை அவர் தன் கையாலேயே என் சாக்கில் குத்தினார். ஊசி ஈரச் சருகுக்குள் ஆழமாகப் போயிற்று. விரல்கள் நனைந்தன. அவர் அவற்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"புளித் தண்ணி, லிசென்சியாதோ" என்றாள் அம்மா அவசரமாக. "நான்தான் கொட்டிட்டேன்."

அவர் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கைக்குட்டையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு வழிவிட்டார்.

வீட்டில் அம்மா சாக்கைக் கத்தரித்து என்னை வெளியே எடுத்தாள். தண்ணீர் ஊற்றிவிட்டாள். புளியைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும். யாரும் வந்து என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் திரும்பப் போயிருப்பேனோ என்னவோ. அம்மா கடையைப் பஸ் நிறுத்தத்துக்கு மாற்றினாள்.

அக்டோபரில் மிர்தாலா டீச்சர் எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். என்னை அழைத்துப்போக வந்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

"நிகழ்ச்சி லிசென்சியாதோவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு தோன்யா ரோசிபெல். மாவட்டத் தலைநகர்ல ஒரு தடவை நடத்திக் காட்டச் சொல்லியிருக்காங்க. சாக்கு வேணும்னு ஹெட்மாஸ்டர் கேட்டாரு."

"புள்ளி யாரு?"

"நாலாம் வகுப்புல ஒரு பொண்ணு." டீச்சரின் குரல் இறங்கியது. "அதுவும் அவ்வளவா பேசாது."

அம்மா உள்ளே போய்ச் சாக்கைக் கொண்டுவந்தாள். துவைத்து, வெயிலில் காயவைத்து, புதுச் சாயம் ஏற்றி, புதுச் சருகு அடைத்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்பே எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

"இந்த மடிப்பப் பாருங்க டீச்சர். உள்பக்கமா பொத்தான் வெச்சிருக்கேன். வெளிய தெரியாது. உள்ள இருக்கிற புள்ள தன் கையாலயே கழட்டிக்கிட்டு வெளிய வந்துடலாம். அவருகிட்ட சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்க."

டீச்சர் சாக்கை வாங்கினார். மடிப்புக்குள் கைவிட்டு ஒரு பொத்தானைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"டெல்மி இருக்காளா?" என்று கேட்டார்.

அம்மா கதவுப் பக்கம் பார்க்கவில்லை. "வெளிய போயிருக்கா" என்றாள்.

கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் அவருடைய செருப்பு தெரிந்தது. இப்போது இரண்டாவது வாரும் புதிது. அது திரும்பிப் போகும்வரை நான் அசையாமல் நின்றேன். பள்ளியில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது அதுதான்.